சிலுவை அடையாளம் போடாத அக்கா

எங்கள் கடற்கரை ஊரான குருநகரில் ஷெல் விழத் தொடங்கிய பிறகு, நானும் கணவரும் சண்டிலிப்பாயில் ஒரு புகையிலைத் தோட்டக்காரர் வீட்டில் ஓர் அறையில் தங்கினோம். பக்கத்து அறையில் எங்களைப் போலவே இடம்பெயர்ந்து வந்த ஓர் அக்காவும் அவருடைய கணவரும் இருந்தார்கள். சமையல் இரண்டு வீட்டாருக்கும் ஒரே அடுப்பில்தான்.

முதல் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது நான் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று சிலுவை அடையாளம் போட்டேன். அக்கா கண்ணை மூடிச் செபித்தார். கை மடியிலேயே இருந்தது.

"ஏனக்கா சிலுவை போடேல்லை?"

"நான் இப்ப மாதா கோயிலுக்குப் போறேல்லைப் பிள்ளை. எங்கடை சபையிலை பிதா ஒராள்தான் கடவுள். இயேசு அவரின்ரை மகன். கடவுள் இல்லை."

மாதாவைக் கும்பிடாத கிறிஸ்தவர்களை எனக்குத் தெரியும். இயேசுவைக் கடவுள் இல்லை என்று சொல்லும் கிறிஸ்தவரை அன்றுதான் கண்டேன். கோபம் வரவில்லை. எப்படி அப்படி நம்ப முடிகிறது என்று அறியும் ஆவல்தான் வந்தது.

"இயேசு பிடிபடமுன்னம் தோட்டத்திலை முழந்தாளிலை நிண்டு செபிச்சவரெல்லோ," என்றார் அக்கா. "ஆரைப் பாத்துச் செபிச்சவர்? தன்னையோ?"

ஞாயிறு பூசை முடிந்ததும் அதைப் பங்குச் சுவாமியாரிடம் கேட்டேன். மூன்று ஆட்கள், ஒரே கடவுள், மனித புத்திக்கு எட்டாத மறைபொருள் என்றார். பிறகு, உயிர்த்த இயேசுவைக் கண்ட சீடர் தோமையார் 'என் கடவுளே' என்று அழைத்ததை நினைவூட்டினார். சைக்கிளில் திரும்பியதும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்காவிடம் அதைச் சொன்னேன். அவர் கத்தியை வைத்துவிட்டு யோசித்தார்.

"அதுக்கு எனக்கும் வடிவாய் விளக்கம் தெரியாது," என்றார்.

மறுநாள், பிதா தன்னைவிடப் பெரியவர் என்று இயேசுவே சொல்லும் இடத்தைச் சுவிசேஷத்தில் காட்டினார். கோயிலில் துண்டு துண்டாய்க் கேட்டிருந்த அந்தச் சுவிசேஷத்தை அப்போதுதான் முதன்முறையாக முழுதாய் வாசித்தேன். நானும் பிதாவும் ஒன்று என்ற வசனம் அதற்குச் சில பக்கங்கள் முன்னால் இருந்தது. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவை. இரண்டு பக்கங்களையும் நாங்கள் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தோம்.

கிணற்றடியிலிருந்து வந்த வீட்டுக்கார மாமி சிரித்தார்.

"எங்களுக்கும் சிவன் தேப்பன், முருகன் மகன். ரெண்டும் ஒண்டுதான் எண்டும் சொல்லுவம். அதுக்கு இப்பிடி மண்டையை உடைக்கிறேல்லை."

"எங்களுக்கு விளங்கவேணும் மாமி," என்றார் அக்கா.

ஒருநாள் விடிய என் கணவர் உறவினரின் வள்ளத்தில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனார். காலையில் கடற்பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. மத்தியானமாகியும் ஆளைக் காணவில்லை. குசினியில் முழந்தாளிட்டேன். 'இயேசுவே' என்பதற்கு மேல் எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. அக்கா அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்துவிட்டு என் பக்கத்தில் முழந்தாளிட்டார்.

"பிதாவே, உம்முடைய மகன்ரை பேராலை கேக்கிறம். இவளின்ரை மனுசனைக் கரை சேர்த்துவிடும்."

அந்தப் பயத்திலும், அவர் யாரை அழைக்கிறார் என்று என் காது கவனித்தது. பூசையில் சுவாமியார் சொல்லும் செபங்களும் அநேகமாய் இப்படித்தான், பிதாவை அழைத்து மகன் வழியாகக் கேட்கும். எத்தனையோ வருடம் கேட்டும் நான் அதைக் கவனித்ததில்லை. ஆமென் என்றேன்.

பொழுதுபடமுன் கணவர் நனைந்த சாரத்தோடு நடந்து வந்தார். வெடிச்சத்தம் கேட்டு வள்ளத்தை வேறொரு கரையில் ஏற்றிவிட்டு வந்திருந்தார். அக்கா தேத்தண்ணீர் கொடுத்தார்.

"இவள் இயேசுவைக் கூப்பிட்டவள், நான் பிதாவைக் கூப்பிட்டனான்," என்றார்.

"ஆர் கேட்டவையோ தெரியாது, எனக்குப் பசிக்குது," என்றார் கணவர்.

பிறகு அக்கா குடும்பம் அச்சுவேலிக்குப் போனது. அவர் கோயிலுக்குத் திரும்பவில்லை, நானும் அவருடைய சபைக்குப் போகவில்லை. சுன்னாகம் சந்தையில் எப்போதாவது சந்தித்தால், சாமான் வாங்குவதை விட்டுவிட்டு இதையே கதைப்போம். ஒருமுறை அவர் கேட்டார்:

"செபிக்கேக்கை உனக்கு ஆரின்ரை முகம் தெரியிறது?"

"இயேசுவின்ரை."

"எனக்கு ஒரு முகமும் தெரியிறேல்லை. ஆரோ கிட்ட இருந்து கேக்கிற மாதிரித்தான் இருக்கும்."

அன்று வீடு வரும்வரை, முகமில்லாத ஒருவரிடம் பேச முடியுமா என்று சைக்கிளில் மனதுக்குள் முயன்றுகொண்டே வந்தேன்.