இலையோடு சுருட்டிய பிளேட்

போன வருடம் செமோர் பக்கம், பழைய தோட்டத்துக் கோவில் திருவிழாவில் நடந்தது இது. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களும் இல்லை. ஆனாலும் திருவிழா என்றால் ஈப்போவிலிருந்து குடும்பத்தோடு போய்விடுவோம்.

என் தங்கைக்கு அப்போது பதின்மூன்று வயது. மேல்வரிசை முன்பற்களுக்கு இருபுறமும் அவளுக்குப் பல் முளைக்கவே இல்லை. வேண்டாத ஒரு பல் அண்ணத்தில் முளைத்தது. கோரைப்பல் ஒன்று ஈறுக்குள்ளேயே படுத்துக்கொண்டது. எட்டு வயதிலிருந்து ஈப்போ பல் கிளினிக்கே கதி. ஒன்றைப் பிடுங்கி, ஒன்றைச் சங்கிலி கட்டி இறக்கி, கம்பி போட்டு, கடைசியில் இரண்டு பொய்ப்பல் பதித்த, கழற்றி மாட்டும் பிளேட் கொடுத்தார்கள். வளர்ந்து நிரந்தரப் பல் வைக்கும்வரை அந்த இடைவெளியை அதுதான் காக்க வேண்டும். அது வந்த பிறகுதான் அவள் வாயைக் கையால் மறைக்காமல் சிரித்தாள்.

அன்னதானத்தில் மேசை துடைப்பது என் வேலை. விரித்த தாளின் ஒரு முனையைப் பிடித்தால், எச்சில் இலைகளோடு மறுமுனை வரை ஒரே சுருட்டு!

"என்னா தம்பி, மெஷினா நீ? மெதுவா லா!" சாம்பார் வாளியோடு வந்த ஓர் அண்ணன் சிரித்தார். எனக்கு வேகம் இன்னும் ஏறியது.

கை கழுவிவிட்டு வந்த தங்கை வெறும் மேசையைப் பார்த்து நின்றாள்.

"அண்ணே, இங்க ஒரு டிஷ்யூ இருந்துச்சே... அதுலதான் என் பிளேட்டு."

பிளேட் வைக்கும் டப்பாவைக் காரிலேயே விட்டுவிட்டாள். சாப்பிடக் கழற்றியதை டிஷ்யூவில் சுற்றி இலையோரம் வைத்திருந்தாள்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஓர் அக்கா ஓடிவந்தார். "அலாமாக்! பாத்துகிட்டே நின்னா கெடைக்குமா? எல்லாத்தையும் கொட்டு லா!" என்று குப்பைப் பைகளைக் கவிழ்த்துவிட்டு எங்களோடு உட்கார்ந்தார். ஏழு பை. முழங்கை வரை சோறும் ரசமுமாகத் தேடினோம். கிடைக்கவில்லை. தங்கை அழவில்லை. ஆனால் அவள் கை மறுபடி வாய்க்குப் போய்விட்டது.

மறுநாள் கிளினிக்குக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை. பல் நகர்ந்து இடைவெளி மூடிக்கொண்டால் அவளுடைய ஐந்து வருடம் வீண்.

எப்படித் தொலைந்தது என்று டாக்டர் கேட்டார். நான் பேசுவதற்குள் தங்கை வாயிலிருந்து கையை எடுத்தாள். வீட்டில்கூடக் காட்டாத அந்த இடைவெளி பளிச்சென்று தெரிய, தன் கவனக்குறைவுதான் என்று மலாயில் தெளிவாகச் சொன்னாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் பதறி, சுருட்டியது நான்தான் என்றேன்.

பற்கள் நகரவில்லை என்றார் டாக்டர். அன்றே அச்செடுத்தார். புது பிளேட் வர மூன்று வாரம் ஆனது.

இப்போதும் பந்தியில் மேசை துடைக்கிறேன், ஆனால் ஒவ்வோர் இலையோரத்தையும் பார்த்துவிட்டுத்தான் தாளைத் தொடுகிறேன். ஐந்து வருடம் பொறுமையாக வாய் திறந்து உட்கார்ந்த தங்கை, எனக்காக அன்று கையை எடுத்தது நினைவுக்கு வந்தால், என் வேகம் தானாகவே அடங்கிவிடுகிறது.