ரேடியோ மிஸ்ஸும் தண்ணீர் பாட்டிலும்

ஆறாம் வகுப்பு அறிவியல் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ரேடியோ. கேள்வியும் அவரே கேட்பார், பதிலும் அவரே சொல்வார். பதினோரு வருஷம் டியூஷன் சென்டரில், பரீட்சைக்குள் பாடத்தை முடித்தாக வேண்டுமென்று ஓடியே பழகிய வாய். வகுப்பு இரண்டு நொடி பேசாமலிருந்தால் அவருக்குக் கை கால் ஓடாது. வீட்டிலும் அதே கதைதான். "காபி நல்லா இருக்கா? நல்லாத்தான் இருக்கும்" என்று டம்ளரை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். கணவர் சாது. மறுபேச்சுப் பேசியதில்லை.

இந்தப் பள்ளிக்கு வந்த பிறகுதான் வினை வந்தது. வகுப்பைப் பார்வையிட்ட அதிகாரி இரண்டு தடவையும் "மாணவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை" என்று எழுதிவிட்டுப் போனார். மூன்றாம் தடவையும் அதே வரி வந்தால் வேலை நிரந்தரமாகாது, மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அதிகாரி மூன்றாம் தடவை வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் டீச்சர் கணவரிடம் புலம்பித் தீர்த்தார். "கேட்டுட்டுக் கொஞ்சம் பொறுங்கன்னு சொல்றாங்க. எங்க முடியுது? வாய் தானா பேசிடுதே!"

"அப்ப வாய்ல தண்ணிய வச்சுக்கோ" என்றார் கணவர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். டீச்சரோ வீட்டிலேயே பெரிய பாட்டிலாகப் பார்த்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் கடைசி பெஞ்சில் அதிகாரி நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். டீச்சர் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். "மழை நாள்ல வீட்டுக்குள்ளயே துணி காயப்போடுறோம். வெயிலே படல. அப்புறம் எப்படிக் காயுது?" கேட்ட கையோடு ஒரு வாய் தண்ணீரை நிரப்பிக்கொண்டார்.

பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது, தண்ணீர் வழிவிடவில்லை. பிள்ளைகள் வழக்கம்போல ரேடியோ பாடுமென்று காத்திருந்தார்கள். ரேடியோ கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு நின்றது. இனி பாடாது என்று தெரிந்ததும், வருஷம் முழுக்க வாயே திறக்காத ஒரு பெண் மெல்ல எழுந்தாள்.

"ஃபேன் போட்டா சீக்கிரம் காயும் மிஸ். காத்து தண்ணிய எடுத்துட்டுப் போகுதோ என்னவோ."

டீச்சர் விழுங்கினார். "எங்க எடுத்துட்டுப் போகுது?" மறுபடி ஒரு வாய்.

"ஜன்னல் வழியா!" என்றான் ஒருவன்.

"ஜன்னல் மூடியிருந்தா?" என்று மடக்கினான் இன்னொருவன்.

"அதான் எங்க வீட்டு ஜன்னல் கண்ணாடியில தண்ணியா நிக்குது!" என்றாள் அதே பெண்.

அப்புறம் யாரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. மணி அடித்தபோது பாட்டில் காலி.

அதிகாரி முன்னால் வந்தார். "கேட்டுட்டுப் பொறுமையா நிக்கிறீங்க. பசங்களும் நல்லா பேசுறாங்க. அப்படியே எழுதியிருக்கேன், வேலையப் பத்திக் கவலைய விடுங்க." வாசல்வரை போனவர் திரும்பினார். "ஆனா இவ்ளோ தாகம் எடுக்கக் கூடாதும்மா. சுகர் டெஸ்ட் ஒண்ணு எடுத்துடுங்க."

போன உயிர் திரும்பி வந்தது. டீச்சர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, பிள்ளைகள் பார்க்கப் பார்க்கவே சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் கணவருக்குக் காபி கொடுத்தார். "நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டு நகராமல் நின்றார். தண்ணீர்கூடத் தேவைப்படவில்லை.

கணவர் டம்ளரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "நிஜமாவே கேக்குறியா?"

டீச்சர் தலையாட்டினார்.

"எனக்கு இவ்ளோ சர்க்கரை வேணாம்மா. கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்லணும்னு இருந்தேன்."