துண்டுக்கு அடியில் ஒரு கை

உங்கள் அப்பாவைப் பெற்ற தாத்தாவின் அம்மா எப்படி இருப்பாள் என்று உங்களால் சொல்ல முடியுமா? அவள் புருஷன் கூடத்தில் மாலையோடு தொங்குகிறான். அவள் எங்கே?

நகரியில் தறி நெய்த ரத்தினம்மாவுக்கு இந்தக் கேள்வி வந்தது 1957இல், கணவர் நாகபூஷணம் இறந்தபோது. கல்யாணமான புதிதில் சித்தூர் ஸ்டூடியோவில் இருவரும் சேர்ந்து ஒரு படம் எடுத்திருந்தார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, இவள் அவர் தோளில் கை வைத்து நிற்பாள். அவளுக்கு வேறு படம் கிடையாது. காரியத்துக்காக அதைப் பெரிதாக்கக் கொழுந்தன் திருவேங்கடம் திருப்பதியில் கொடுத்துவிட்டு வந்தான். உயிரோடு இருப்பவள் படத்தில் மாலை விழக்கூடாதாம். அதனால் மனைவி நிற்கும் பாதியை வெட்டி எறிவது அந்தக் குடும்பத்து வழக்கம்.

“என்னை இன்னாத்துக்கு வெட்டச் சொன்னே?”

“உன் ஆயுசுக்குத்தான் அண்ணி. கோச்சிக்கினா எப்டி?”

“இம்மாம் அக்கறையா? எனக்குக் காய்ச்சல் வந்தப்ப எட்டிப் பார்த்தியா நீ?”

இந்தத் திருவேங்கடம், ஆந்திராவில் இருந்த நகரியைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கக் கூட்டம் போட்டுப் பேசியவன். ஜனங்களைக் கேட்காமல் எல்லை போடலாமா என்று மேடையில் தொண்டை கிழியக் கத்துவான். வீட்டில் அண்ணியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காரியம் முடியுமுன் தாலியறுத்தவள் வாசல் தாண்டுவதா என்று தெருவே கூவியது. அவள் திருப்பதி பஸ் ஏறினாள்.

கத்திரி முந்திக்கொண்டிருந்தது. அவளுடைய பாதி குப்பையோடு எரிந்துவிட்டது. பெரிதாக்கிய படத்தில், அவர் தோளில் மிஞ்சிய அவள் கைமேல் வர்ணக்காரர் கோவர்த்தனன் வெள்ளைத் துண்டு வரைந்துகொண்டிருந்தார்.

“அது என் கை, அண்ணா.”

“தெரியும்மா. கை மட்டும் தனியா தெரிஞ்சா நல்லாவா கீது? உங்க மாமனார் படத்துக்கும் எங்க நைனாதான் துண்டு போட்டாரு.”

ரத்தினம்மாவுக்கு உறைத்தது. தினமும் விளக்கேற்றிய மாமனார் படத்திலும், மாமனாரின் அண்ணன் படத்திலும், அதே தோளில் அதே துண்டு.

“ஈரம் காயறதுக்குள்ள தொடைச்சிடு.”

“உங்க கொழுந்தன் சண்டைக்கு வருவாரே!”

“வரட்டும். அவனுக்கு வாய்தான்.”

காரியத்தன்று படம் அந்தக் கையோடு சுவரில் ஏறியது. திருவேங்கடம் குதித்தான். கழற்ற நாற்காலிமேல் ஏறியவனை ரத்தினம்மா மறித்து, மாமனார் படத்தைக் காட்டினாள்.

“அந்தத் துண்டுக்கு அடியில உங்கம்மா கை கீது. அவங்க மொகம் எப்டி இருக்கும், சொல்லு பார்க்கலாம்.”

அப்பா போன சில மாதத்தில் அம்மாவும் போனபோது அவன் கைக்குழந்தை. நாற்காலியை விட்டு இறங்கிவிட்டான்.

1960இல் எல்லை தீர்ந்தது. நகரி ஆந்திராவிலேயே நின்றது. அதன்பின் சில வருஷம் இருந்து ரத்தினம்மா போன மாதம் இறந்தாள். முகம் தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை. கைம்பெண்ணை எவன் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனான்?

உங்கள் அம்மா இருக்கிறாள் அல்லவா? இந்த வாரமே அவளைத் தனியாக உட்காரவைத்துப் படம் எடுங்கள். படத்தின் பின்பக்கம் அவள் பெயரை எழுதுங்கள். இன்னார் மனைவி என்று எழுதாதீர்கள்.