சீனித்தாய் கேட்ட பானை

தூத்துக்குடியில் வீரபாகு என்று கேட்டால் நாலு பேர் வந்து நிற்பார்கள். ரேடியோ ரிப்பேர் வீரபாகு என்றால் ஒரே ஆள்தான். கருப்பட்டி விற்று வயிறு வளர்த்த குடும்பத்தில் கம்பியைக் கட்டிக்கொண்டு அழுத முதல் ஆளும் அவன்தான். துறைமுகத்துக்குப் போகிற வழியில் கடை. பத்துப் பேர் வந்தால் ஒன்பது பேர் வெளியே நிற்க வேண்டும். ஆனால் யுத்த காலத்தில் பத்துப் பேர் எங்கே வந்தார்கள்? பேட்டரி கண்ணில் படவில்லை. பேட்டரி இல்லாத ரேடியோவை எவன் ரிப்பேருக்குத் தூக்கி வருவான்?

கப்பல் பட்டறையில் வேலை பார்த்த ஜேசுதாசன் ஒருநாள் சும்மா பேசிக்கொண்டிருந்தபோது ஒரு சங்கதி சொன்னான். இரண்டு வகைக் கம்பியை முறுக்கி ஒரு முனையைச் சூட்டிலும் மறுமுனையைக் குளிரிலும் வைத்தால் கரண்டு ஓடுமாம். கப்பல் அடுப்பின் சூட்டையே அப்படித்தான் அளக்கிறார்களாம். அன்றோடு வீரபாகுவின் தூக்கம் போயிற்று. மனுஷ உடம்பு ராப்பகலாகச் சூடாகத்தானே இருக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

இரும்புக் கம்பியும் நிக்கல் கம்பியும் மாற்றி மாற்றி முறுக்கி ஒரு கொத்துக் கட்டினான். ஒரு பக்கத்து முடிச்சுகள் அக்குளில், மறுபக்கம் வெளியே. கொத்தின் இரண்டு நுனியையும் ஹெட்போனில் தொட்டுத் தொட்டு எடுத்தால் ‘டிக், டிக்’ என்று கேட்டது. அவ்வளவுதான். அதை வைத்து ரேடியோவைப் பாடவைக்க ஏழு பிறவி எடுக்க வேண்டும். ஆனாலும் அவனுக்கு அது தேவலோகத்துச் சத்தம்.

மத்தியானமானால் அந்தச் சத்தமும் செத்துப்போகும். தூத்துக்குடி வெயிலில் வெளியேயும் சூடு, உடம்பிலேயும் சூடு. இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால்தானே கரண்டு? தலையில் கைவைத்து உட்கார்ந்தவனுக்கு அவன் பெண்டாட்டி சீனித்தாய்தான் வழி சொன்னாள், மறுமுனையைப் பானைத் தண்ணீரில் முக்கிப் பார்க்கும்படி. தை மாதம் வாங்கிய புதுப்பானை, தண்ணீர் பல்லைக் கூசவைக்கும். முனைகளுக்கு மெழுகு பூசி முக்கினான். சத்தம் கணீரென்று வந்தது.

அதன்பிறகு சாயங்காலந்தோறும் அவள்தான் அக்குளில் கம்பியோடு உட்கார்ந்திருப்பாள். நம்ம வீட்டுக் கரண்டு கம்பெனி நான்தான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

பங்குனியில் அவளுக்கு விட்டு விட்டு வருகிற முறைக்காய்ச்சல், மலேரியா, கண்டது. முதல் நாள் நடுங்கிக்கொண்டு கிடந்தவளின் கையைத் தொட்டான், ஐஸாக இருந்தது. காய்ச்சல் இல்லை என்று நினைத்தான். கம்பியை வைத்தபோது சத்தம் காதைத் துளைத்தது. கொஞ்ச நேரத்தில் உடம்பு அனலாகக் கொதித்தது. அன்றிலிருந்து அவனுக்கு ஒரு வேதவாக்கு: கை பொய் சொல்லும், கம்பி சொல்லாது.

அந்தக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா மருந்து ஜாவாவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஜாவா ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து அது குதிரைக்கொம்பு. ஆஸ்பத்திரியில், காய்ச்சல் அடிக்கிற ஆளை நேரில் கொண்டுபோனால்தான் தருவார்கள். இரண்டு தடவை வண்டி வைத்துக் கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்தான். இடையில் கொஞ்சம் தெளிந்திருந்த நாளில் அவள் ஒன்று கேட்டாள்.

“பானை உப்புப் பூத்துட்டு. தண்ணி குளிரவே மாட்டேங்கு. வரும்போது புதுசு ஒண்ணு வாங்கிட்டு வாங்க.”

சரி சரி என்று போனவன் நிக்கல் கம்பி வாங்கிக்கொண்டு வந்தான். மறுநாளும் கேட்டாள். அவன் காதில் ஹெட்போன் இருந்தது.

அடுத்த முறை காய்ச்சல் வந்த அன்று, உச்சிப்பொழுதில் ஜேசுதாசன் ஓடிவந்தான். வெளிக்கடலில் நிற்கிற கப்பலில் ஒயர்லெஸ் பழுது, படகு காத்திருக்கிறது. மாதக்கணக்கில் வராத வேலை. ஆஸ்பத்திரிக்குப் போவதா, கப்பலுக்கா? வீரபாகு கம்பியைச் சீனித்தாயின் அக்குளில் செருகி, மறுமுனையைப் பானையில் விட்டு, காதைக் கொடுத்தான். சத்தம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. நெற்றியில் கைவைத்தான், சுட்டது. கை பொய் சொல்லும், அதை நம்பவேண்டாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

“உடம்பெல்லாம் எரியுதுங்க,” என்றாள்.

“கம்பி அப்படிச் சொல்லலியே ளா. காய்ச்சல் தணிஞ்சிட்டு. பொழுது சாய வந்திருவேன்.”

பக்கத்து வீட்டுப் பிச்சம்மாளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனான். கரையோரம் ஆழமில்லாத துறைமுகம் அது. கப்பல்கள் மைல்கணக்கில் தள்ளித்தான் நிற்கும். சாயங்காலம் காற்று எழும்பிற்று. படகு இறங்கமுடியாது என்றுவிட்டார்கள். மறுநாள் வெயில் ஏறித்தான் கரை வந்தான். வாசலில் கூட்டம் நின்றது. காய்ச்சல் மண்டைக்கு ஏறிப் பிதற்றிக்கொண்டே இருந்தவள் விடியுமுன் போய்விட்டாள்.

பொம்பளைகள் அவளைக் குளிப்பாட்ட ஆயத்தம் செய்தார்கள். பானைக்குள் செம்பை விட்ட பிச்சம்மாள் வெடுக்கென்று கையை எடுத்தாள்.

“இது என்ன தண்ணிய்யா, வெந்நியாட்டம் கெடக்கு. உப்புப் பூத்த பானையில எப்படிக் குளிரும்? சீனி ஒங்கிட்ட சொல்லலியா?”

வீரபாகு பானைக்குள் கையை விட்டான். சன்னல் வெயில் பட்டுத் தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் கரித்துக் கிடக்கும். ரெண்டு மூணு மாதத்தில் அந்த உப்பு, பானையின் பொடிக்கண்களை அடைத்துவிடும். பிறகு பானை வேர்க்காது, வேர்க்காத பானை குளிராது. தூத்துக்குடியில் உலை வைக்கிற எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். அவன் பெண்டாட்டி இரண்டு தடவை அவனிடமே சொன்னாள். அவள் உடம்பு ஆறவில்லை, பானைதான் சூடேறியிருந்தது. அழுகை வரவில்லை அவனுக்கு. தன்மேலேயே அருவருப்பு வந்தது.

கருமாதி முடிந்ததும் கடைத்தெருவுக்குப் போய்ப் புதுப்பானை ஒன்று வாங்கி வந்தான். தண்ணீர் நிரப்பி ஒருநாள் வைத்திருந்தான். மறுநாள் மத்தியானம், அதே வெயிலில், கம்பியைத் தன் அக்குளில் செருகி மறுமுனையைப் பானையில் விட்டு ஹெட்போனைக் காதில் வைத்தான்.

சத்தம் கணீரென்று கேட்டது. காய்ச்சலே இல்லாத அவன் உடம்புக்கு, அன்று கொதித்துக்கொண்டு கிடந்த சீனித்தாய்க்குக் கேட்டதைப்போல இரண்டு பங்கு.