ஏழரை இஞ்ச் குள்ளமான கம்பம்

ஏரிக்கரை வரிசையில் பதினோரு வீடுகள். கடைசி வீடு தையல்காரம்மாவுடையது. முன்னறையில் இரண்டு தையல் மெஷின்கள், நடுவில் ஒரு நீள மேஜை, சுவரில் காகிதத்தில் வெட்டிய சட்டை அச்சுகள். பின்கதவைத் திறந்தால் ஒன்பது கல்படிகள் நேராகத் தண்ணீருக்குள் இறங்கும். படிகளின் இடதுபுறத்தில் பலகை அடித்த படகுத்துறை. அதன் நுனியை ஒட்டி, ஆனால் அதைத் தொடாமல், ஏரியின் நீர்மட்டத்தைக் காட்டும் அளவுக்கம்பம்.

அந்தக் கம்பத்தைப் பார்த்து எழுதுவதுதான் நாற்பத்தொரு வருடமாக என் வேலை. தினமும் காலை ஆறரைக்குத் தையல்காரம்மாவின் பின்கட்டு வழியாகத்தான் துறைக்குப் போவேன். அதனால் அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

பத்தொன்பது வயதில் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர். கணவர் படகோட்டி. அக்கரை ஆட்களை ஏற்றி வந்து சொந்தத் துறையிலேயே இறக்குவார். இறங்குகிறவர்களில் பாதிப்பேர் கையில் துணி மூட்டை இருக்கும். "அவரு படகு ஓட்டலண்ணே, எனக்கு ஆள் பிடிச்சுட்டு வர்றாரு" என்று தையல்காரம்மா சொல்வார். சாயங்காலப் படகு வரும் நேரத்தில் துறையின் நுனியில் நின்று, அளவுக்கம்பத்தின் தலையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு காத்திருப்பார். சாயாதீர்கள் என்று நானும் பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். "உங்க கம்பத்துக்கு ஒண்ணும் ஆகாது. நான் என்ன யானையா?" என்பார்.

கணவர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அவர் துறையின் நுனிக்குப் போவதில்லை. படகை வேறொருவர் ஓட்டுகிறார். வாடிக்கையாளர்கள் இறங்கி வீட்டுக்கு வருவார்கள், அவர் வாசலிலேயே நின்று வரவேற்பார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏரி எந்த வருடமாவது வழக்கத்தை மீறி ஏறினால், ஏறிய உயரத்தில், படியோரச் சுவரில் கொஞ்சம் சிமெண்ட் வைத்து ஒரு பொத்தானைப் பதித்துவிடுவார். அப்படி மூன்று பொத்தான்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது ஒரு பித்தளைப் பொத்தான். நான் தினமும் அவற்றைத் தாண்டித்தான் போவேன். விளையாட்டு என்று நினைத்திருந்தேன். என் நோட்டில் அவற்றைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை.

இந்த ஆண்டு ஏரி ஜூன் கடைசியில் ஏற ஆரம்பித்தது. கரையோர வீடுகளுக்கு ஒரு விதி இருக்கிறது. கம்பத்தில் நான்கு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் தொடர்ந்து பத்து நாள் தண்ணீர் நின்றால், வரிசை முழுவதையும் காலி செய்ய வேண்டும். வேறொரு கரையில் அஸ்திவாரம் ஊறி இரண்டு வீடுகள் சரிந்ததற்குப் பிறகு போட்ட விதி. காலி செய்த வீட்டில் மறுபடி யாரும் குடியேற முடியாது, பூட்டி முத்திரை வைத்துவிடுவார்கள்.

ஜூலை மூன்றாம் தேதி 4.40. நான்காம் தேதி 4.41. அங்கிருந்து இறங்கவில்லை. ஒவ்வொரு நாளும் எண்ணை எழுதி அலுவலகத்துக்குச் சொல்வேன். திரும்பும்போது தையல்காரம்மா பின்கதவில் நிற்பார். "எவ்வளவுண்ணே?" என்பார். சொல்வேன். "சரி" என்று உள்ளே போய்விடுவார். மற்ற பத்து வீட்டுக்காரர்களும் என்னிடம்தான் கேட்டார்கள். ஒருவர் மட்டும், "கொஞ்சம் குறைச்சு எழுதினா உங்க கை என்ன தேய்ஞ்சா போயிடும்?" என்றார். அப்படி எழுத என்னால் முடியாது. அவருக்கும் அது தெரியும்.

எட்டாம் நாள், ஜூலை பத்து, கம்பம் 4.43 காட்டியது. இன்னும் இரண்டே நாள். தையல்காரம்மா அக்கரையில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போவதென்று முடிவு செய்திருந்தார். அங்கே ஒரே அறைதான். ஒரு மெஷின்தான் போகும். மேஜைக்கு இடமே இல்லை. சட்டை அச்சுகளைச் சுருட்டிக் கட்டி, ஒரு மெஷினை அவருடைய தம்பியும் நானுமாகத் தூக்கித் துறை நுனிக்குக் கொண்டுபோய் வைத்தோம்.

தம்பியின் தொழில் துறை கட்டுவது, பழுது பார்ப்பது. காதோரம் எப்போதும் ஒரு சின்ன மரஆப்பைச் செருகியிருப்பான். அதனால் ஊரே அவனை ஆப்பு என்றுதான் கூப்பிடும்.

படகு இன்னும் வரவில்லை. பதினோரு வருடத்துக்குப் பிறகு தையல்காரம்மா துறை நுனியில் படகுக்காகக் காத்து நின்றார். பழைய பழக்கத்தில் பார்க்காமலேயே முழங்கையைக் கம்பத்தின் தலையில் ஊன்றப் போனார். கை காற்றில் இறங்கியது. தடுமாறித் தண்ணீருக்குள் விழ இருந்தவரைத் தம்பி பிடித்துக்கொண்டான்.

"என்னக்கா, போற நேரத்துல குளியலா?"

அவர் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடி முழங்கையை வைத்துப் பார்த்தார். உடம்பைச் சாய்த்தால்தான் எட்டியது.

"அண்ணே, இந்தக் கம்பம் குள்ளமாயிடுச்சு."

"கம்பம் எப்படிக் குள்ளமாகும்? நீங்க நிமிர்ந்து நிக்கிறீங்க" என்றேன்.

"இந்த வயசுல யாருண்ணே வளர்றாங்க? முப்பது வருஷமா அடுத்தவங்க கை நீளத்த அளந்துட்டு இருக்கேன். என் கை எனக்குத் தெரியாதா? ஏழு, ஏழரை இஞ்ச் இறங்கியிருக்கு."

"ஏழரைன்னு சொல்லாதக்கா, ஏற்கனவே ஏழரைதான் நடக்குது" என்றான் ஆப்பு.

எனக்குக் கோபம் வந்தது என்பதை எழுதத்தான் வேண்டும். அந்தக் கம்பத்தைத்தான் நான் ஒரு நாள் விடாமல் பார்த்து வருகிறேன். ஆனால் தையல்காரம்மா என்னைக் கவனிக்கவில்லை. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்துக்கொண்டு படிக்குப் போனார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இரண்டு படி இறங்கி, பித்தளைப் பொத்தானுக்குக் கீழே நாடாவைப் பிடித்தார்.

"இந்தப் பொத்தான் வச்ச வருஷம் உங்க நோட்டுல எவ்வளவு?"

"எந்த வருஷம்?"

"காவல்காரங்களுக்கு நூத்தியிருபது கோட்டு தச்ச வருஷம். மிச்சமான பொத்தான்தான் இது. அவருதான் சிமெண்ட் குழைச்சுக் குடுத்தாரு. உங்க வருஷம் எனக்குத் தெரியாது, நீங்கதான் எடுத்துப் பாக்கணும்."

வீட்டுக்குப் போய் நோட்டுகளைப் புரட்டினேன். கணவர் இருந்த காலத்தில் ஏரி ஆக அதிகமாக ஏறிய நாளைத் தேடினால் போதும். பதினான்கு வருடங்களுக்கு முன், ஆகஸ்ட் பதினேழு, காலை ஆறரை: 4.31. அந்த வருடத்தின் உச்சம் அது. நோட்டுகளை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். தையல்காரம்மா அதே படியில் ஈரப் பாதத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"நாலு முப்பத்தொண்ணு."

"அன்னிக்குத் தண்ணி இந்தப் பொத்தான்ல நின்னுச்சு. இன்னிக்கு எவ்வளவு சொன்னீங்க?"

"நாலு நாப்பத்து மூணு."

"அப்ப இன்னிக்குத் தண்ணி பொத்தானுக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் மேல நிக்கணும். சரியா? வந்து பாருங்க."

இறங்கிப் பார்த்தேன். காற்றில்லாத காலை. தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. பொத்தான் உலர்ந்து, கொஞ்சம் தூசியோடு, தண்ணீருக்கு மேலே இருந்தது. நாடா ஏழு சென்டிமீட்டர் காட்டியது. மேலே பன்னிரண்டு இருக்க வேண்டிய தண்ணீர் கீழே ஏழு இருந்தது. வித்தியாசம் பத்தொன்பது. பொத்தான் பதித்த சுவர் பாறைமேல் கட்டியது, அது அசைய வழியில்லை. அப்படியென்றால் தண்ணீர் ஏறியது கொஞ்சம்தான், மிச்சம் கம்பம் இறங்கியது.

எட்டு நாளும் எண்ணைத்தான் பார்த்திருக்கிறேன். பக்கத்திலேயே இருந்த படியைப் பார்க்கவில்லை.

"சரி, அது எப்ப இறங்குச்சு, எதனால இறங்குச்சு?" என்றேன், பெரும்பாலும் எனக்கு நானே.

ஆப்பு காதிலிருந்த ஆப்பை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டிருந்தான். ஏதாவது மறைக்கும்போது அப்படித்தான் செய்வான்.

"டேய்," என்றார் அக்கா, "என்ன பண்ணித் தொலைச்ச?"

"நான் ஒண்ணும் பண்ணலக்கா. அந்த வறண்ட வருஷம்…"

அவன் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு நினைவு வந்துவிட்டது. ஆறு வருடத்துக்கு முன் ஏரி மிகவும் இறங்கி, துறைகள் எல்லாம் சேற்றில் நின்றன. படகுகள் கிட்டே வர முடியவில்லை. அக்கரை வாடிக்கையாளர்கள் முழங்கால் சேற்றில் துணி மூட்டையோடு நடந்து வந்தார்கள். அதனால் ஆப்பு அக்காவின் துறையை எட்டு மீட்டர் முன்னால் நீட்டிக் கொடுத்தான். நீட்டிய பகுதியின் ஒரு முனையைத் தாங்க ஒரு கால் நட வேண்டும். நடவில்லை. பக்கத்தில் உறுதியாக ஒரு கம்பம் நிற்கிறதே என்று அதில் குறுக்குக்கட்டை போட்டு முடுக்கிவிட்டான்.

நோட்டில் அந்த நாளைத் தேடினேன். மார்ச் இருபத்திரண்டு. குறிப்புப் பத்தியில் என் கையெழுத்திலேயே இருந்தது: "துறை நீட்டப்பட்டது. ஒரு குறுக்குக்கட்டை அளவுக்கம்பத்தில் பொருத்தப்பட்டுள்ளது." இரண்டு வருடம் ஒரு மாதம் கழித்து: "நீட்டிப்பு அகற்றப்பட்டது." இடைப்பட்ட காலமெல்லாம் ஆட்களும் மூட்டைகளும் அந்தக் கம்பத்தின் மேல் நடந்திருக்கிறார்கள். துறையின் கல்தூண்கள் பாறையில் நிற்கின்றன. கம்பம் நிற்பது சேற்றில். ஒவ்வொரு நாளும் ஒரு மயிரிழை அமுங்கியிருக்கும். பார்த்தேன், எழுதினேன், ஆனால் யோசிக்கவில்லை.

"நான் சாஞ்சா திட்டினீங்க" என்றார் தையல்காரம்மா. "இவன் ஊரையே ஏத்தி நடக்க வச்சிருக்கான், நீங்க பக்கத்துல நின்னு எழுதியிருக்கீங்க."

உடனே அலுவலகத்துக்குப் போன் செய்தேன். என் கணக்கில் தவறு இருக்கிறது என்று நாற்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாகச் சொன்னேன்.

மறுநாள் பொறியாளர் வந்தார். இளம் வயது, பொறுமைசாலி. தையல்காரம்மா பொத்தானைக் காட்டினார்.

"அம்மா, நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா ஒரு கோட்டுப் பொத்தானை வச்சு கோப்புல இருக்கிற கணக்க மாத்த முடியாது."

"மாத்த வேண்டாம் சார். உங்க கருவிய வச்சுப் பாருங்க. தப்பா இருந்தா நாளன்னிக்கு நானே சாவியக் குடுத்துடறேன்."

பம்ப் அறைக்குப் பின்னாலிருக்கும் பாறையில், கம்பம் நட்ட காலத்தில் பதித்த ஒரு செப்புக் குமிழ் உண்டு. அதன் உயரம் கோப்பில் இருக்கிறது. பொறியாளர் முக்காலியில் கருவியை வைத்து, அந்தக் குமிழிலிருந்து கம்பம் வரை மூன்று இடங்களில் நிறுத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டு மணி நேரம் ஆனது. பதினோரு வீட்டுக்காரர்களும் அவருக்குப் பின்னாலேயே நடந்தார்கள். ஆப்பு அளவுகோலைப் பிடித்து நின்றான். அவ்வளவு ஆடாமல் அசையாமல் நின்று நான் அவனைப் பார்த்ததில்லை.

பொறியாளர் கணக்கைப் போட்டார். திரும்பவும் அதே இடங்களில் நிறுத்திப் பார்த்தார். மறுபடி கணக்குப் போட்டார்.

"பத்தொன்பது சென்டிமீட்டர் இறங்கியிருக்கு. தண்ணி இப்ப நிஜமாவே நாலு இருபத்தஞ்சுதான். பத்து நாள் கணக்கு ஆரம்பிக்கவே இல்ல. யாரும் காலி பண்ண வேண்டாம்."

தையல்காரம்மா நாடாவை இஞ்சுப் பக்கம் திருப்பினார். பத்தொன்பது சென்டிமீட்டர் எங்கே விழுகிறது என்று பார்த்து, கட்டைவிரலால் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு பொறியாளரிடம் நீட்டினார். "ஏழரை. முழங்கைல பாத்தே சொன்னேன்."

பொறியாளர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கும் மூச்சு வந்தது. நான்காம் வீட்டுக்காரர் படியிலேயே உட்கார்ந்து அழுதார். ஏழாம் வீட்டுக்காரி ஆப்பைத் திட்டிக்கொண்டே அவனுக்குக் காப்பி கொடுத்தாள். குறைத்து எழுதச் சொன்னவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை, உங்களக் குறைக்க வச்சிருந்தா எவ்வளவு குறைக்கணும்னே தெரியாமப் போயிருக்கும்" என்றார். அது பாராட்டா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

தையல்காரம்மாவின் மெஷின் முந்தைய நாளே வீட்டுக்குத் திரும்பியிருந்தது. ஆனால் அவர் கட்டை அவிழ்க்காமல் வைத்திருந்தார். அன்று மத்தியானம் அவிழ்த்தார். சட்டை அச்சுகளை ஒவ்வொன்றாகச் சுவரில் அதே ஆணிகளில் மாட்டினார். கொஞ்ச நேரத்தில் மெஷின் சத்தம் கேட்டது. ஏரிக்கரை வரிசையில் அன்று அதைவிட நல்ல சத்தம் எதுவும் இல்லை.

புதிய கம்பத்தைப் பாறையில் துளையிட்டு நட்டோம். நட்டவன் ஆப்புதான். அக்கா மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் வேலை சுத்தமாக இருந்தது. என் நோட்டுகளில் நீட்டிப்பு இருந்த காலத்து எண்கள் எல்லாவற்றுக்கும் சிவப்பில் ஒரு நட்சத்திரம் போட்டேன், ஐயத்துக்குரியவை என்று. அதற்குப் பிந்தையவற்றிலிருந்து பத்தொன்பதைக் கழித்துப் பக்கத்தில் எழுதினேன். எழுதி முடிக்க ஆறு வாரம் பிடித்தது.

ஏரி அதற்குப் பிறகும் கொஞ்சம் ஏறத்தான் செய்தது. ஜூலை இருபத்தொன்பதாம் தேதி புதிய கம்பத்தில் 4.33. மறுநாள் 4.32. பிறகு இறங்கிக்கொண்டே போனது. அபாயக் கோட்டுக்கு ஏழு சென்டிமீட்டர் கீழேயே அந்த வருட ஏற்றம் நின்றது.

சுவர் உலர்ந்ததும் தையல்காரம்மா ஒரு கிண்ணத்தில் சிமெண்ட் குழைத்துக்கொண்டு படியில் இறங்கினார். பித்தளைப் பொத்தானுக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே ஒரு நீலப் பொத்தானை வைத்து அழுத்தினார். நான் நோட்டோடு பக்கத்தில் நின்றேன்.

"இத எந்த வருஷம்னு ஞாபகம் வச்சுக்குவீங்க?" என்று கேட்டேன்.

"கம்பம் குள்ளமான வருஷம்" என்றார். "நீங்க தேதி எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். குறிப்புப் பத்தியில் பொத்தானின் நிறத்தையும் சேர்த்தேன். பிறகு பழைய நோட்டை எடுத்து, பதினான்கு வருடத்துக்கு முந்தைய ஆகஸ்ட் பதினேழுக்கு நேராக, பித்தளை என்று எழுதினேன்.