எழுபத்தொன்பது கிண்ணம் தண்ணீர்

“அந்த ஊர் எந்தத் திசையில இருக்குன்னே ஒனக்குத் தெரியாது. அதோட சரித்திரத்த நீ எழுதுறியாக்கும்?” டாக்ஸி ஓட்டும் என் அண்ணன் அப்படித்தான் சிரித்தான்.

எழுதினேன். எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். ரங்கூனின் தின்கன்ஜூன் பேட்டையில் உட்கார்ந்து, அமெரிக்காவில் ஒரு சிற்றூர் நூலகத்துக்கு அவர்கள் இணையத்தில் அனுப்பும் பழைய காகிதப் படங்களைத் தட்டச்சு செய்து தருகிறேன். பேய், ஆவியெல்லாம் நான் நம்புகிறவள் இல்லை. இதை நீங்களும் நம்பவேண்டாம்.

அந்த ஊரில் பிறந்து பெயரெடுத்தவர்கள் பட்டியலில் மருத்துவருக்கும் பந்தாட்டக்காரருக்கும் எல்லா விவரமும் கிடைத்தது. பெண்களுக்கு முதல் பள்ளி தொடங்கிய ஆசிரியைக்கு மட்டும் பிறந்த தேதி இல்லை. கல்லறையில் இறந்த தேதிதான் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்காவிட்டால் அவரை நீக்கிவிடலாம் என்று நூலகர் எழுதினார். அந்த ஆசிரியையும் என்னைப் போல, அவள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள். எனக்கு மனசு ஆறவில்லை.

புதன் காலை ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போனேன். அங்கே பிறந்த கிழமைக்கு ஒரு மூலை. அந்த மூலைப் புத்தருக்கு வயதோடு ஒன்று கூட்டி அத்தனை கிண்ணம் தண்ணீர் ஊற்றுவார்கள். நான் வியாழன், இருபத்து நாலு வயதுக்கு இருபத்தைந்து ஊற்றினேன். ஆசிரியைக்கும் ஊற்றலாம், ஆனால் எந்த மூலையில்? பக்கத்துச் சனி மூலையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் ஊற்றிக்கொண்டே இருந்தாள், முப்பது வயதுதான் இருக்கும், வழக்கம் தெரியாதவள் என்று நினைத்துச் சும்மா எண்ணினேன், எழுபத்தொன்பதில் நிறுத்தினாள்.

“நீங்க சனிக்கிழமையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“அப்பா அப்படித்தான் எழுதிவச்சார். அன்னைக்குப் பனியாம்.”

கிண்ணத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். ஆளைக் காணோம்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் நினைவு வந்தது. ஆசிரியையின் அப்பா தினமும் வானிலையைக் குறித்துவைத்த நோட்டுகளை, உதவாது என்று நானே ஒதுக்கிவைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து சனிக்கிழமைகளை மட்டும் புரட்டினேன். ஒரு தேதியின் கீழே: பனி. வடக்குக் காற்று. பெண் பிறந்தாள்.

தேதியை அனுப்பினேன். ஆசிரியை பட்டியலில் நின்றாள். பிறகு வயதைக் கணக்கிட்டேன். இறக்கும்போது அவளுக்கு எழுபத்தெட்டு.

அந்த நோட்டைப் பார்க்க எப்படித் தோன்றியது என்று நூலகர் கேட்டிருந்தார். “இதப் போய்ச் சொல்லிராத, படிச்ச புள்ள! வேல போயிரும்” என்றான் அண்ணன். ‘தற்செயல்’ என்று தட்டினேன். அழித்தேன். சனி மூலை, பனி, எழுபத்தொன்பது கிண்ணம், எல்லாவற்றையும் எழுதி, கீழே என் பெயரைப் போட்டு, நேற்று அனுப்பிவிட்டேன்.