ஹாலில் மாட்டிய வேஸ்ட் ஷீட்

நான் பள்ளியில் ஓவியம் சொல்லித்தருகிறவள். புதுமனைப் புகுவிழா அழைப்பிதழ் அடிக்க விழுப்புரத்தில் ஓர் ஆப்செட் அச்சகத்துக்குப் போயிருந்தேன். மை சீராக விழும்வரை அங்கே பழைய தாள்களையே திரும்பத் திரும்ப மிஷினில் விடுவார்கள். ஒரே தாளில் காதுகுத்து, கட்சி மாநாடு, நகைக்கடை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஓர் எழுத்துகூடப் புரியாமல், நீலத்தின்மேல் சிவப்பு பாய்ந்துகொண்டிருந்தது. உலகப்போருக்குப் பிறகு உருவமே இல்லாமல் கையை வீசி வீசி வரைந்த மேல்நாட்டு ஓவியர்களின் வண்ண லித்தோகிராஃப்களை, அந்தக் கல்லச்சுப் படங்களை, நான் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். இங்கே அதேபோல ஒரு மூலை நிறையக் கிடக்கிறது! எனக்குத் தலைகால் புரியவில்லை. கெஞ்சி ஒரு தாளை வாங்கி, திண்டிவனம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தபடி வந்தேன். கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினேன்.

விழாவுக்கு அச்சகத்து மிஷின்மேனும் வந்தார். சுவரைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிவிட்டது.

“இன்னா டீச்சர், இதப் போயி மாட்டிக்கினு கீறீங்க? பச்ச மை ஒரு நூலு வெலகி வுழுந்துக்கீது பாருங்க. நாலு பேரு வர்ற எடம். நாளைக்கி வாங்க, கரெக்டா ஒண்ணு போட்டுத் தர்றேன்.”